விளம்பரத்துக்கு நடுவே ஓர் ஆட்டம்

காலேஜ் ஃபுட்பாலை, அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பாலை, டி.வி.யில் பார்க்கிறவர்கள் குறைந்துபோனதற்கு நான்தான் காரணம் என்று சொல்கிறார்கள். நான் என்றால் நான், என் மனைவி டார்லா, என் அண்ணன் ஆர்லன், மூன்று பேரும் சேர்ந்து. நெப்ராஸ்காவில் சோள வயல்களுக்கு நடுவே கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். பனி இல்லாத மாதங்களில் அதே சாலைகளில் சரளை கொட்டுகிறேன். ஒரு தேசத்தின் பொழுதுபோக்கையே கெடுக்கிற அளவுக்கு எனக்குச் செல்வாக்கு இருப்பதாக இந்த வயது வரை யாரும் சொன்னதில்லை.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கிற நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளைப் பொறுக்கி, டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிடுகிறது. டி.வி. சத்தத்துக்குள் மனிதக் காதுக்கு எட்டாத ஒரு கீச்சொலியைச் சேனல்காரர்கள் ஒளித்து அனுப்புவார்களாம். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கீச்சொலி கேட்டால் அந்த வீட்டில் அந்தச் சேனல் ஓடுகிறது, கேட்காவிட்டால் ஓடவில்லை. பெட்டியின் முகத்தில் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பொத்தான். உட்காரும்போது அழுத்தி விளக்கை எரியவிட வேண்டும், எழுந்து போனால் அணைக்க வேண்டும். டார்லா அதற்கு ஒட்டுக்கேட்பான் என்று பெயர் வைத்தாள். அதன் மேல் பூத்தொட்டி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம்.

நாங்கள் ஆட்டம் பார்க்கிற விதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்லனுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறான். சனிக்கிழமைதோறும் எங்கள் சோபாவின் இடதுமூலை அவனுடையது. டி.வி.யில் வர்ணனை செய்கிறவர்கள், படம்தான் தெரிகிறதே என்று பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். பந்தை எறிகிற பையன் காலையில் என்ன சாப்பிட்டான், அவன் நாய்க்கு என்ன பெயர் என்றெல்லாம் வரும். பந்து யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் வராது. அதனால் டி.வி. சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டு, உள்ளூர் ரேடியோவில் கஸ் என்கிறவரின் வர்ணனையை வைத்துக்கொள்வோம். கஸ், மைதானத்தில் எந்தக் கோட்டில் ஆட்டம் நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பந்து எந்தக் கையில் இருக்கிறது எல்லாம் சொல்வார். எங்கள் பக்கத்தில் கண் நன்றாகத் தெரிகிற வீடுகளிலும் இதுதான் வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டி.வி. படம் எந்த ஊரைச் சுற்றிவிட்டு வருகிறதோ தெரியாது, ரேடியோவுக்குப் பின்னால்தான் வந்து சேரும். ஆர்லன் "போச்சுடா" என்று தலையில் கை வைத்த பிறகுதான் எனக்குத் திரையில் பந்து நழுவும். கண் தெரியாதவன் முதலில் பார்ப்பான், கண் இருக்கிற நான் பின்னால் வந்து சரிபார்ப்பேன்.

இடைவேளை விட்டால் ரேடியோவில் பன்றித் தீவன விளம்பரம் வரும். அதைப் பேசுகிறவன் தீவனக்கடை முதலாளி டீன். ஆர்லனின் மனைவியாக இருந்தவள் இப்போது டீனின் மனைவி. "உங்க பன்னிக்கு எது சந்தோஷம்னு டீனுக்குத் தெரியும்" என்று அவன் ஆரம்பிக்கும்போதே ஆர்லன் ரேடியோவின் கழுத்தைத் திருகிவிடுவான். அறை சாவு வீடு மாதிரி ஆகிவிடுமே என்று நான் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். அங்கேயும் விளம்பரம்தான், ஆனால் டீன் இல்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் டி.வி.யை அணைத்து ரேடியோவைத் திறப்போம். ஆக, ஒட்டுக்கேட்பான் எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் விளம்பரம் மட்டுமே.

அந்த வருடம் எங்கள் முள்ளம்பன்றிகள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். முள்ளம்பன்றிகள் என்பது எங்கள் பக்கத்துக் கல்லூரியின் அணி. எங்கள் வீட்டில் ஒருவர்கூட அந்தக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, ஆனாலும் அது எங்கள் கல்லூரி. ஆர்லனுக்குக் கண் இருந்த காலமெல்லாம் அவர்கள் தோற்றார்கள். கண் போனபிறகு ஜெயிக்க ஆரம்பித்தார்கள். அவன் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

"ஒரே ஒரு தடவ இவனுங்க சாம்பியன் ஆகறத பாத்துட்டா போதும்டா வெர்ன்," என்பான். "அப்புறம் தோத்தா தோக்கட்டும், பழகின விஷயந்தான்."

இறுதி ஆட்டத்துக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கும்போது, அளவை நிறுவனத்திலிருந்து கேந்த்ரா என்ற பெண் வந்தாள். பனியில் நடக்க உதவாத நகரத்துச் செருப்பு. உட்கார்ந்ததும் கையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பினாள். மலையும் பள்ளமுமாக ஒரு கோடு.

"மிஸ்டர் ஸ்வொபோடா, இது உங்க வீடு. மேல ஏறின இடமெல்லாம் விளம்பரம். கீழ விழுந்த இடமெல்லாம் ஆட்டம். விளம்பரம் போட்டதும் மூணு பேரும் ஓடி வர்றீங்க. ஆட்டம் ஆரம்பிச்சதும் காணாம போயிடுறீங்க. எங்க சார் போறீங்க?"

"எங்கயும் போகலம்மா. டி.வி. சத்தத்த அணைச்சிட்டு ரேடியோ கேப்போம்."

"எந்த ரூம்ல?"

"இதே ரூம்ல. டி.வி.ய பாத்துக்கிட்டே."

"சத்தம் இல்லன்னா டி.வி. ஓடலன்னு அர்த்தம்."

"ஓடுது. படம் தெரியுது."

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சோர்வு வந்தது. "படத்த மட்டும் பாக்குறதுக்கு எங்ககிட்ட தலைப்பு இல்ல சார். சேனல் மாற்றினார், அறையை விட்டு வெளியேறினார், உறங்கிவிட்டார், காலமானார். இதுல எது உங்களுக்குக் கிட்டத்துல வருது?"

"எனக்கு நாலாவதையே போடும்மா," என்றான் ஆர்லன். "என் சம்சாரம் எப்பவோ அதத்தான் போட்டா."

நான் ரேடியோவைக் காட்டினேன். டீன் கதையைச் சொன்னேன். டார்லா நடுவில் வந்து டீனின் தலைமுடி நிஜமில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டாள். கேந்த்ரா பொறுமையாகக் கேட்டுவிட்டு 'அறையை விட்டு வெளியேறினார்' என்பதை அழுத்தினாள்.

"இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க? ஒரு வீடுதானே?" என்றேன்.

"ஒரு வீடு இல்ல சார். இந்தச் சமவெளில இருக்கற நாப்பதாயிரம் வீட்டுக்கு நீங்கதான் பிரதிநிதி. நீங்க என்ன பண்றீங்களோ அத நாப்பதாயிரம் வீடும் பண்ணுதுன்னு வெச்சுக்குவோம்."

ஆர்லன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "நாப்பதாயிரம் வீட்லயும் ஒருத்தன் பொண்டாட்டிய டீன் கூட்டிட்டுப் போயிட்டானா? பாவம், எப்படித்தான் சமாளிக்கிறான்."

எங்கள் பக்கத்தில் விருந்தாளி கிளம்ப வேண்டிய நேரம் வந்தால் வீட்டுக்காரன் இரண்டு தொடையிலும் தட்டி, "சரி, அப்போ" என்பான். விருந்தாளி உடனே கோட்டைத் தேடுவார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் தொடையைத் தட்டி, "சரி, அப்போ" என்றேன். கேந்த்ரா நிமிர்ந்து, "அப்போ?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்துக் கேள்விகளுக்குப் போனாள். இரண்டாவது தடவை தட்டினேன். கால் வலிக்கிறதா என்று விசாரித்தாள்.

அடுத்த மாதம் ஒமாஹாவில் ஒரு ஹோட்டலில் 'பார்வையாளர் சரிவு விசாரணை மன்றம்' கூடியது. எங்களுக்கும் அழைப்பு. முடியாது என்று சொல்ல எங்கள் ஊர் ஆட்களுக்கு வராது, அதனால் போனோம். கம்பளம் விரித்த பெரிய கூடம். சுவரெல்லாம் எங்கள் வீட்டுக் கோடு, ஆள் உயரத்தில்.

முதலில் பேசியவர் கல்லூரிகள் சங்கத்தின் தலைவர். "இது மாணவர்களின் விளையாட்டு என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது," என்று எழுதி வைத்திருந்ததை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனம் திறந்தார். "அத மறக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் மாணவர்கள் பத்தி ஒரு படம் போடுறோம். பரீட்சை வாரத்துல ஆட்டத்த வெச்சோம்னு ஒரு புகார். ஆட்ட வாரத்துல அவங்க பரீட்சைய வெச்சாங்கன்னும் பாக்கலாமே." எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து சேனலின் துணைத்தலைவர் பிரெண்ட் விட்லாக். நல்ல பல்வரிசை. டை கட்டாமலே டை கட்டியவர் மாதிரி நிற்கத் தெரிந்தவர்.

"நாங்க எதையும் மூடி மறைக்கல," என்று தொடங்கினார். "ரேட்டிங் கொறஞ்ச ஒவ்வொரு வருஷமும் காரணம் சொல்லியிருக்கோம். ஒரு வருஷம் பனி ஜாஸ்தி, ஜனங்களால ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்ச் சேந்து பாக்க முடியலன்னோம். அடுத்த வருஷம் பனி இல்ல, ஜனங்க வீட்லயே தங்கலன்னோம். தேர்தல் வந்தப்போ தேர்தல்னோம். தேர்தல் இல்லாத வருஷம், தேர்தல் இல்லாத ஏக்கம்னோம். எப்பவும் ஜெயிக்கிற அணி வந்தா அலுப்பு. புது அணி வந்தா, யாருன்னே தெரியல. காரணம் சொல்றதுல எங்க சேனலுக்குக் கொறையே வெச்சதில்ல."

அப்புறம் என்னை மேடைக்கு அழைத்தார். ஒலிபெருக்கியில் என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. சத்தத்தை அணைப்பது, கஸ், டீன், பன்றித் தீவனம், எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்குக் காதுதான் இருக்கிறது, கண் இல்லை என்றேன். கீழே உட்கார்ந்திருந்த ஆர்லன், "எனக்கும் அதே கதிதான், ஆனா நான் தப்பா எண்ணல," என்று சத்தமாகச் சொன்னான். கூட்டம் ரசித்துச் சிரித்தது. ஒருவர்கூட எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

பிரெண்ட் என் தோளில் கை போட்டார். "மிஸ்டர் ஸ்வொபோடா ரொம்ப அடக்கமான மனுஷன். அவர் சொல்ல வர்றத நான் சொல்றேன். ஆட்டத்துக்கு நடுவுல விளம்பரம் வருதுன்னு இத்தன வருஷமா திட்டு வாங்கினோம். இந்தக் கோட்டப் பாருங்க. இவர் வீட்ல ஜனங்க நிம்மதியா விளம்பரம் பாத்துக்கிட்டிருக்காங்க. திடீர்னு நடுவுல ஆட்டம் வருது. எழுந்து போயிடுறாங்க. நண்பர்களே, விளம்பரத்துக்கு நடுவுல ஆட்டம் வருது. ரேட்டிங் கொறையறதுக்குக் காரணம் ஆட்டம்."

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. எங்கள் ஊரில் ஒருவர் எழுந்து கை தட்டும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை, அதனால் நானும் தட்டினேன். டார்லா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

கண்டுபிடித்த நோய்க்கு மருந்து உடனே வந்தது. முள்ளம்பன்றிகள் விளையாடிய அரையிறுதியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மைதானத்தில் ஆட்டத்தை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது என்பதால், அது பாட்டுக்கு நடக்கட்டும், நாங்கள் வசதியான நேரத்தில் காட்டிக்கொள்கிறோம் என்று சேனல் முடிவு செய்தது. யார் முதலில் உதைப்பது என்று தீர்மானிக்கக் காசு சுண்டினார்கள். காசு மேலே போனது. ஒரு லாரி, ஒரு மூட்டுவலி மருந்து, ஒரு பர்கர், மறுபடி அதே லாரி. அப்புறம் காசு கீழே வந்தது. பையன் ஒருவன் பந்தோடு ஓடினால், பாதி வழியில் அவனைத் தொங்கவிட்டு இன்ஷூரன்ஸ் விற்றார்கள். ரேடியோவில் கஸ் ஆட்டத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியபோது எங்கள் டி.வி.யில் கடைசிப் பகுதி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எங்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, எங்கள் அணி ஜெயித்ததை ஆர்லன் ரேடியோவிலேயே பார்த்துவிட்டான். முள்ளம்பன்றிகள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவன் வாசலில் பூட்ஸைத் தேடிக்கொண்டே சொன்னான்: "அடுத்த திங்கள் நான் சீக்கிரமே வந்துடுவேன். யாரையும் கூப்பிடாத. நீ, நான், டார்லா, கஸ். அவ்ளோதான்."

சரி என்று சொன்னேன். புதன்கிழமை கேந்த்ராவிடமிருந்து போன் வந்தது. இறுதி ஆட்டத்தை எங்கள் வீட்டிலிருந்தே நேரில் ஆராய்வதாக மன்றம் தீர்மானித்திருக்கிறதாம். பிரெண்டே வருகிறாராம். நான் தொலைபேசியைப் பிடித்தபடி, எங்கள் பக்கத்தில் முடியாது என்பதற்குச் சொல்கிற வார்த்தையைச் சொன்னேன். "ஓ, அது உங்களுக்குச் சிரமமா இருக்குமே" என்றேன். ஒரு சிரமமும் இல்லை என்றாள் கேந்த்ரா.

திங்கட்கிழமை மாலை அவர்கள் வந்து இறங்கினார்கள். பிரெண்ட், கேந்த்ரா, கம்பி சுற்றுகிற ஆட்கள். டார்லா வழக்கம்போல மிளகாய் போட்ட பீன்ஸ் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் செய்திருந்தாள். "இது ரெண்டையும் சேத்தா சாப்பிடுவீங்க?" என்று கேட்டு பிரெண்ட் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். வேறு எப்படிச் சாப்பிடுவது என்று டார்லாவுக்குப் புரியவில்லை.

ஆர்லன் கையால் தடவி சோபாவின் இடதுமூலைக்கு வந்தான். அங்கே ஒரு கருவி உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்த முடியாது என்றார்கள். அவனுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பிறகு ஓர் ஆள் வந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்தான்.

"அது எதுக்கு?" என்றேன்.

"அது மாசு," என்றார் பிரெண்ட். "இயல்பான சூழ்நிலைல நீங்க எப்படிப் பாக்குறீங்கன்னு தெரியணும். வெளிச் சத்தம் கலந்தா கணக்கு கெட்டுடும்."

"எங்க வீட்டு இயல்பே அதுதாங்க."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்குவாங்க," என்றார், மிகவும் அன்பாக.

ஆட்டம் தொடங்கியது. டி.வி. சத்தம் முழுதாகத் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்பானில் எங்கள் மூன்று விளக்கும் எரிந்தன, கேந்த்ரா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வர்ணனையாளர் எதிரணிப் பயிற்சியாளரின் படகைப் பற்றி ஆரம்பித்தார். அது முடிந்ததும் மற்றவர் தன்னிடம் முன்பு இருந்த படகைப் பற்றிச் சொன்னார்.

"பந்து யார்கிட்டடா இருக்கு?" என்றான் ஆர்லன்.

"நம்மகிட்ட," என்றேன் மெதுவாக.

"எந்தக் கோட்டுல?"

நான் சொல்லத் தொடங்கினேன். பிரெண்ட் உதட்டில் விரல் வைத்தார். "மிஸ்டர் ஸ்வொபோடா, ப்ளீஸ். பார்வையாளர் வர்ணனை பண்ணக் கூடாது. அதுவும் மாசுதான்."

அத்தனை வருடம் கஸ் செய்ததை நான் செய்யப் பார்த்தேன். எனக்கு அது வரவுமில்லை. "ஓடறான், விழுந்துட்டான், எழுந்துட்டான்" என்பதைத் தாண்டி வாயில் ஒன்றும் வரவில்லை. யார் ஓடினார்கள், எங்கே விழுந்தார்கள் என்று கேட்பதற்குள் லாரி விளம்பரம் வந்துவிடும். கூட்டம் கத்தினால் ஆர்லன் நிமிர்வான். நமக்கா அவர்களுக்கா என்று தெரியாமல் முகத்தை என் பக்கம் திருப்புவான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் அவனுக்கு அது தெரியாது என்பது உறைத்தது. என் வீட்டில், என் கூடத்தில், என் அண்ணன் அப்படி உட்கார்ந்திருந்ததற்கு நான் வெட்கப்பட்டேன். ஆனாலும் வந்த விருந்தாளியை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தொடையிலும் தட்டினேன். "சரி, அப்போ" என்றேன். கம்பி ஆள் ஒருவன் அதைத் தாளம் என்று நினைத்துச் சிரித்தான்.

ஆர்லன் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தான். "டேய் வெர்ன், நான் வீட்டுக்குப் போறேன். நாளைக்கு யாராவது சொல்லுவாங்க."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்ப அலுப்பாகச் சொன்னான். "இரு அண்ணே, வண்டில கொண்டுபோய் விடறேன்," என்று எழுந்தேன்.

கேந்த்ரா பெட்டியின் பக்கம் கை நீட்டினாள். "ரெண்டு பேர் வெளில போறாங்க. விதிப்படி விளக்க அணைக்கணும் சார்."

"அணைக்காத," என்றார் பிரெண்ட். "வாசல்ல வண்டி நிக்கிற டிரைவ்வேயும் வீட்டு எல்லைதானே? எல்லைக்குள்ள இருக்கற வரைக்கும் பார்வையாளர்தான்."

பிற்பாடு வெளிவந்த மன்றத்தின் அறிக்கையில், எங்கள் வீட்டில் மூன்று பேரும் கடைசி நொடி வரை ஆட்டத்தையும் விளம்பரத்தையும் ஒரு துளி விடாமல் பார்த்ததாகவும், சமவெளியில் நாற்பதாயிரம் வீடுகள் சேனலுக்குத் திரும்பிவிட்டதாகவும் போட்டிருந்தது. நாங்கள் வீட்டில் இல்லாத அன்றைக்குத்தான் எங்களைக் குறையில்லாமல் எண்ணியிருக்கிறார்கள்.

வெளியே குளிர் மூக்கை அறுத்தது. ஆர்லனை வண்டியில் ஏற்றி, சாவியைத் திருகினேன். எஞ்சினோடு சேர்ந்து ரேடியோவும் விழித்துக்கொண்டது. கஸ்ஸின் குரல். எங்களுக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது என்றார், இரண்டே புள்ளிதான் பின்தங்கியிருக்கிறோம் என்றார், காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, பந்து நம் கையில் என்றார். ஆர்லனின் முதுகு நிமிர்ந்தது. நான் கியரில் வைத்த கையை எடுத்துவிட்டேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

உள்ளே ஆட்டத்தின் முதல் பாதி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக டி.வி. தெரிந்தது, அதில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியில் கடைசி நிமிடம். முள்ளம்பன்றிகள் முட்டி மோதிக் கம்பங்களுக்குக் கிட்டே போய்விட்டார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துவிட்டால் மூன்று புள்ளி, சாம்பியன். உதைக்கிற பையன் வந்து நிற்கிறான் என்றார் கஸ். அந்த நேரம் பார்த்து, பையனைப் பதற வைக்க எதிரணிப் பயிற்சியாளர் இடைவேளை கேட்டார்.

"உங்க பன்னிக்கு எது சந்தோஷம்னு டீனுக்குத் தெரியும்."

ஆர்லனின் கை பழக்கத்தில் ரேடியோவுக்குப் போனது. குமிழைத் தொட்டது. அங்கேயே நின்றது. அணைத்தால் உதையைத் தவறவிடுவோமோ என்ற பயம். வண்டியில் திறந்து வைக்க வேறு டி.வி. இல்லை. டீன் தீவனத்தில் சேர்க்கிற சத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். மனைவி போனதிலிருந்து ஆர்லன் அந்த விளம்பரத்தை முழுதாகக் கேட்டதே இல்லை. இப்போது கையைக் குமிழில் வைத்தபடி கடைசி வரை கேட்டான்.

"சளி பிடிச்சிருக்கு போல அவனுக்கு," என்றான் முடிவில். "அவ கஷாயம் போட்டுக் குடுப்பா."

கஸ் திரும்பி வந்தார். பந்து வைக்கப்பட்டது. உதைத்தான். கஸ்ஸின் குரல் பந்தோடு மேலே ஏறியது, காற்றில் கொஞ்சம் வளைகிறது என்றது, உள்ளே என்றது, உள்ளே, உள்ளே என்று உடைந்துபோனது.

ஆர்லன் என் மேல் சாய்ந்து ஹாரனைத் தேடி அழுத்தினான். கையை எடுக்கவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அப்போது எதிர்வீட்டு டிரைவ்வேயில் இன்னொரு ஹாரன் கேட்டது. பக்கத்து வீட்டில் ஒன்று. தெருமுனையில் ஒன்று. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தெரு நெடுக வீட்டுக்கு வீடு வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் மங்கலாக விளக்கு, உள்ளே கோட்டும் குல்லாயுமாக ஆட்கள். டி.வி.க்காகக் காத்திருக்கப் பொறுக்காமல், அவர்களும் வண்டி ரேடியோவில் கஸ்ஸைத்தான் கேட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டு டி.வி.யிலும் ஒரே பல் துலக்கல் ஓடியிருக்கும், பார்க்கத்தான் ஆள் இல்லை.

பிரெண்ட் வெறும் காலுறையோடு வாசலுக்கு ஓடி வந்தார். பின்னால் கேந்த்ராவும் வந்தாள். ஹாரனை நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் ஆட்டினார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"யாரும் ஹாரன் அடிக்காதீங்க. இன்னும் எவ்வளவோ இருக்கு. உதை இன்னும் நடக்கவே இல்ல."

"இங்க நடந்துடுச்சு," என்றேன்.

"நாங்க காட்டுற வரைக்கும் நடக்கல சார்," என்றார் பிரெண்ட். பனியில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

ஆர்லன் என் மடியைத் தாண்டிக் குனிந்து, தன் தொடையில் இரண்டு தட்டு தட்டினான். "சரி, அப்போ," என்றான். பிரெண்ட் அவனையே பார்த்தார். கேந்த்ரா உள்ளே போய் அவருடைய கோட்டை எடுத்து வந்தாள்.

ஆனால் அவர்கள் கிளம்ப வெகுநேரமானது, கருவிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. தெருவில் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. டார்லா மிச்சமிருந்த ரொட்டியைத் தட்டோடு வண்டிக்குக் கொண்டு வந்து கொடுத்தாள். கடைசித் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தபோது ஜன்னலுக்குள் ஒருவழியாக அந்தப் பையன் பந்தை நோக்கி வந்து நின்றான்.

"அண்ணே, இப்பத்தான் உதைக்கப் போறான்," என்றேன்.

"சொல்லு, பாக்கலாம்."

எப்படி முடியும் என்று தெரிந்திருந்ததால் அன்றைக்கு எனக்கு வர்ணனை நன்றாக வந்தது. "ரெண்டு அடி பின்னால போறான். மூச்சு விடறான், வாய்ல புகை வருது. வலது கால்தான். ஓடி வர்றான். உதைச்சிட்டான். பந்து மேல போகுது, ஆளுங்க கைக்கு மேல, நல்ல உயரம், கொஞ்சம் எடது பக்கம் வளையுது..."

நிறுத்திவிட்டேன்.

"என்னடா?"

"லாரி வந்துடுச்சு."

ஆர்லன் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான். இருமல் வரும் வரை சிரித்தான்.

"விடுடா," என்றான். "அது விழுந்து ரொம்ப நேரமாச்சு."